தீப்பெட்டி ஊரில் வளர்ந்த ஹாக்கி



கோவில்பட்டின்னா நமக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர் ஹாக்கிக்கும் பேர் போனது. ஊரிலும் சுத்துப்பட்டுக் கிராமங்களிலும் சின்னச் சின்ன கிளப்புகள் உண்டு. மண் தரையில் அண்ணன்மார் ஆட, தம்பிகள் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. லட்சுமி அம்மாள் என்ற பெண்மணியின் நினைவாக அங்கே அகில இந்தியப் போட்டியும் நடக்கிறது. 2017-ல் செயற்கைப் புல் மைதானம் வந்தது. அரசு விளையாட்டு விடுதியும் இருக்கு.

2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அந்த விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் இந்தியாவுக்கு ஆடினார்கள். வெண்கலம் கிடைத்தது.

சரி, பெண்கள்? ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி 1980-ல்தான் சேர்ந்தது. ஹரியானாவில் ஷாஹாபாத் என்ற சின்ன ஊரில், வண்டி இழுப்பவரின் மகளாகப் பிறந்தவர் ராணி ராம்பால். அவர் தலைமையில் 2021-ல் டோக்கியோவில் நம் பெண்கள் நாலாவது இடம் பிடித்தார்கள்.

கிளப்பும் நம்ம குழு மாதிரிதான். பத்துப் பேர் விடாமல் கூடினால் நிலைக்கும். கொல்லிமலை மேடு பள்ளம் ஏறி இறங்கும் நம்ம பிள்ளைகளுக்குக் காலில் பலமா இல்லை? பொம்பளப் பிள்ளை விளையாடப் போறேன்னு கேட்டா, வீட்டு வேலையைக் காட்டி நிறுத்தாம அனுப்பி வைப்போம்.