வாகனங்களில் வில்லும் அதிர்வுத் தாங்கியும்

சக்கரங்கள் பாதையின் மேடுபள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்கவும், அவற்றின்மேல் அமைந்த உடற்பகுதி கூடியவரை அமைதியாகப் பிரயாணம் செய்யவும் வேண்டி, இரண்டிற்கும் இடையே பொருத்தப்படும் உறுப்புகளில் பிரதானமானவை ஸ்பிரிங் என வழங்கும் வில்லும், ஷாக் அப்சார்பர் என வழங்கும் அதிர்வுத் தாங்கியுமாகும்.

இவற்றுள் வில்லின் சரித்திரம் நெடியது. ஐரோப்பாவில் வண்டிக் கூண்டைத் தோல்வார்களில் தொங்கவிட்டு ஓட்டிய காலத்திற்குப் பின் எஃகுப் பட்டைகள் வந்தன. வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் விதியை, எழுத்துகளைக் கலைத்த புதிராக 1676-ல் வெளியிட்ட ராபர்ட் ஹூக், 1678-ல் தாமே அதனை அவிழ்த்துக் காட்டினார். லண்டன் வண்டித் தச்சர் ஒபதையா எலியட் 1804-ல் உருவாக்கிய நீள்வட்ட வில், முன்பின் அச்சுகளை இணைத்து நின்ற கனத்த அடிமரத்தையே தேவையற்றதாக்கி, வண்டிகளை இலேசாக்கியது. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தை ஓரளவு தாமே அடக்கியமையால், குதிரை வண்டியின் வேகத்திற்கு வேறு சாதனம் அவசியமாகவில்லை. மோட்டார் வண்டியின் வேகம் வந்த பின்னரே அந்த உராய்வு போதாதாயிற்று. பிரான்சில் ட்ரூஃபோ வகுத்த உராய்வுத் தாங்கியை ஹார்ட்ஃபோர்டு என்பார் அமெரிக்காவில் பரப்பினார். எண்ணெயால் இயங்கும் தாங்கிக்கு 1908-ல் மோரீஸ் ஊடாய் வழிகோலினார்.

அதிர்ச்சியை ஏற்பது உண்மையில் வில்லே. ஆனால் ஏற்ற சக்தியை அது அழிப்பதில்லை. சேமித்துத் திருப்பித் தருவதே அதன் சுபாவமாதலால், தனித்து விடப்பட்டால் வண்டி ஒரு குழியைக் கடந்தபின்னும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். தாங்கியினுள் எண்ணெய் நிரம்பிய உருளையில் இயங்கும் உந்துதண்டு, நுண்ணிய துளைகளின் வழியே எண்ணெயை நெருக்கிச் செலுத்தி, அச்சக்தியை உஷ்ணமாக்கிக் காற்றில் விடுகிறது. கரடான பாதையில் ஓடிவந்த வண்டியின் தாங்கி சுடுவது இதனாலேயே. வில்லின் விசை அது அமுங்கிய அளவைப் பொறுத்தது. தாங்கியின் தடையோ அசையும் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே நிற்கும் வண்டியின் பாரம் முழுவதையும் வில்லே சுமக்கிறது. அமுங்கும்போது காட்டும் தடையைவிட, மீளும்போது தாங்கி மிகுந்த தடை காட்டுமாறு அதன் அடைப்பிதழ்கள் அமைக்கப்படுகின்றன. இல்லையேல் மேட்டின் மோதல் நேரே பிரயாணியைச் சேரும். இத்தொழிலை நோக்குமிடத்து, தணிப்பான் என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் டாம்பர் என்ற பெயரே தகுதியுடையது.

உடற்பகுதி வினாடிக்கு ஏறத்தாழ ஒருமுறையும், சக்கரம் பத்து முறைக்கு மேலும் துடிக்கும் இயல்பினவாயினும், இரண்டையும் ஒரே தாங்கி அடக்க வேண்டியிருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் டயர் தரையை விட்டு எழும்பி, பிரேக்கும் ஸ்டியரிங்கும் பிடிப்பை இழக்கும். சொகுசைக் காட்டிலும் உயிர்க்காப்பே தாங்கியின் முதற்பயன்.

நைட்ரஜன் வாயு அடைத்த தாங்கிகளும், காற்று வில்களும், மின்னணு முறையில் இறுக்கம் மாற்றும் அமைப்புகளும் இப்போது வழக்கில் உள்ளன.