ஜோலா ஜீசஸ்
அமெரிக்கப் பாடகியும் இசையமைப்பாளருமான நிகா ரோசா டானிலோவாவின் மேடைப் பெயர். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலா, இயேசு ஆகிய இரு பெயர்களை இணைத்துப் பள்ளி நாட்களிலேயே சூட்டிக்கொண்டது. 1989இல் பிறந்தவர், விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டுப்புறத்தில் வளர்ந்தார். சிறு வயதிலேயே ஆபராப் பாட்டுப் பயின்றார்.

வீட்டிலேயே பதிவுசெய்த 'தி ஸ்பாய்ல்ஸ்' (2009) இசைத்தொகுப்பு சேக்ரட் போன்ஸ் என்ற சுயாதீன இசை நிறுவனத்தில் வெளிவந்தது. அதில் இரைச்சலுக்கும் எதிரொலிக்கும் அடியில் குரல் புதைந்து கிடக்கும். மறு ஆண்டு வந்த 'ஸ்ட்ரிடுலம்' குறுந்தொகுப்பே திருப்புமுனை. மெதுவாக இடிக்கும் டிரம், நீண்டு படரும் சிந்தசைசர் சுரங்கள், அவற்றுக்கு மேலே திறந்த தொண்டையில் எழும் குரல் என அவருடைய பாணி இங்கேதான் உருக்கொண்டது. 'கொனாட்டஸ்' (2011) அதை மெருகேற்றியது. 2013இல் ஜே.ஜி. தர்ல்வெல்லின் இசைக்கோர்வையில், மிவோஸ் நால்வர் குழுவுடன் பழைய பாடல்களை நரம்பிசையாக்கி 'வெர்ஷன்ஸ்' தந்தார்.

மியூட் நிறுவனத்துக்காகச் செய்த 'டைகா' (2014) வெகுஜன பாப் இசையை நோக்கிய முயற்சி. பின்னர் சேக்ரட் போன்ஸுக்கே திரும்பி 'ஒகோவி' (2017) வெளியிட்டார். நெருங்கியவர்களின் தற்கொலை முயற்சியும் நோயும் தந்த துயரம் அதில் நேரடியாகப் பேசுகிறது. அவர் படைப்புகளில் மிக ஆழமானது இதுவே. 'ஆர்கான்' 2022இல் வந்தது.