தோட்டமா, கோட்டையா, துறையா?

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரை முதன்முறை காணும் தமிழர் அதில் ஒரு தோட்டத்தையோ கோட்டையையோ தேடுவது இயல்பே. செய்தி மேசையில் 'கட்டுகஸ்கோட்டை' என்று வந்த பிரதிகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். பெயர் சிங்களம்: 'கட்டு' முள், 'கஸ்' மரங்கள், 'தொட்ட' துறை. முள்மரத் துறை என்பதே பொருள்.

துறை அங்கே அமைந்த காரணத்தை நிலப்படம் சொல்லும். மகாவலி பேராதனையிலிருந்து வடக்கே ஓடி, பிங்கா ஓயா வந்து கலக்கும் கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் கிழக்கே திரும்பி, பின்னர் லேவெல்லவைக் கடந்து தெற்கு நோக்கி இறங்குகிறது. மூன்று புறமும் ஆறு, தெற்கே ஹந்தானை மலை, நடுவே கண்டி. கடலில்லாத தீபகற்பம் என்றே சொல்லிவிடலாம். (இச்சொல் 'தீவு போன்றது' எனப் பொருள்படும் வடசொல். 'கர்ப்பம்' என்று எழுதுவோர் கவனிக்க!)

ஆதலால் கண்டிக்குப் படைகொண்டு வந்தவன் ஆற்றையும் வெல்ல வேண்டியிருந்தது. 1803 ஜூன் மாதம் கண்டியைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட மேஜர் டேவியின் படை, வட்டாபுலுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியின்றி நின்றது. பிரித்தானியர் அரியணையில் அமர்த்தியிருந்த முத்துசாமி, கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அடைக்கலம் தந்தவர்களே கையளித்தார்கள் என்பதுதான் இக்கதையில் என்னை உறுத்தும் பகுதி. படையினரில் பெரும்பாலோரும் அவ்வாற்றங்கரையிலேயே மாண்டனர். கண்டி இராச்சியம் வீழ மேலும் 12 ஆண்டுகள் ஆயின.

பெயரின் ஓசை தாய்மொழியினரையே ஏமாற்றும். தென் இங்கிலாந்தில், சசெக்ஸ் கரையோரம், 'மேன்ஹூட்' என்றொரு தீபகற்பம் உண்டு. இன்றைய ஆங்கிலக் காதுக்கு அது 'ஆண்மை'; பழைய ஆங்கிலத்தில் 'பொதுக்காடு' என்பதிலிருந்து வந்ததாகவே ஆய்வாளர் விளக்குகின்றனர்.

நம்மிடமும் இத்தகைய பெயர்களுக்குக் குறைவில்லை. சம்பந்தர் பாடிய மாதோட்டம் பாளி நூல்களில் 'மகாதித்த', அதாவது பெருந்துறை. அம்பாந்தோட்டையின் ஈறும் அதுவே. இவற்றைக் காட்டி ஊரையே தமக்கென உரிமை கோருவோர் இருதரப்பிலும் உண்டு. அவர்கள் ஊர்காவற்றுறையைப் பார்க்கட்டும். சிங்களத்தில் 'ஊராதொட்ட', பாளியில் 'சூகரதித்த', பழந்தமிழில் ஊராத்துறை. இக்கடைசிப் பெயரை நயினாதீவுக் கல்லில் தமிழில் பொறிக்கச் செய்தவன், 12ஆம் நூற்றாண்டுச் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு.