நோய்க்குறிப்பில் நோயாளியின் பெயர்

ஒரு நோயாளிக்கு என்ன நேர்ந்தது, என்ன சிகிச்சை நடந்தது, முடிவு என்ன ஆயிற்று என்று மருத்துவர் எழுதி வெளியிடும் அறிக்கை, மருத்துவ எழுத்தின் மிகப் பழைய வகைகளில் ஒன்று. இன்று அப்படியோர் அறிக்கை நல்ல மருத்துவ இதழ் ஒன்றில் அச்சேற வேண்டுமானால், நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை ஆசிரியர் கேட்பார். இந்த நிபந்தனை வந்து ஏறத்தாழ 30 ஆண்டுகளே ஆகின்றன. அறிக்கைக்கோ 2,400 ஆண்டுகளுக்கு மேல் வயது. இடைப்பட்ட நெடுங்காலத்தில் நோயாளியின் பெயரைச் சொல்வதா மறைப்பதா என்று முடிவுசெய்தவர் மருத்துவர். அவர் பெரும்பாலும் நோயாளியின் விருப்பத்தைக் கேட்கவில்லை; தகுதியைப் பார்த்தார்.

கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளில் 48 நேர்வுகள் உள்ளன. பெரும்பாலானவை காயங்கள். எதிலும் பெயர் கிடையாது. தலையில் வெட்டுப்பட்ட ஒருவன், கழுத்து எலும்பு பிசகிய ஒருவன் என்றுதான் வரும். ஆளுக்குப் பெயரும் இருப்பிடமும் கொடுத்து எழுதியவர்கள் கிரேக்கர்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் 'கொள்ளைநோய்கள்' தொகுப்பின் முதலாம், மூன்றாம் நூல்களில் 42 நோயாளிகளின் வரலாறு நாள்வாரியாகப் பதிவாகியுள்ளது. முதல் நோயாளி ஃபிலிஸ்கஸ், மதிலோரம் குடியிருந்தவர். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் இறந்தார். பெண்களில் பலருக்குச் சொந்தப் பெயர் இல்லை, இன்னாரின் மனைவி என்பதோடு சரி. மொத்தம் 25 பேர் பிழைக்கவில்லை என்பதையும் எழுதியவர் மறைக்கவில்லை. பெயரும் தெருவும் அங்கே சான்றாக நின்றன. ஐயமுள்ளவர் தாசோஸ் தீவுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அதே மரபில் பிறந்த ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி, சிகிச்சையின்போது கண்டதிலும் கேட்டதிலும் வெளியே சொல்லத் தகாததைச் சொல்வதில்லை என்று மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. முரண்பாடு போலத் தோன்றினாலும் முரண்பாடு இல்லை. உறுதிமொழி முழு மௌனத்தைக் கேட்கவில்லை. எது சொல்லத் தகாதது என்ற தீர்ப்பை மருத்துவர் கையிலேயே விட்டுவைக்கிறது. பிற்காலச் சிக்கல்கள் பலவும் இந்த இடத்திலிருந்து கிளைத்தவையே.

மருத்துவர் கேலன் அந்தத் தீர்ப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினார் என்பதற்கு ஜஸ்டஸ் என்பவரின் மனைவி கதை போதும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ரோமில் தூக்கமின்றி வாடிய அந்தப் பெண்ணுக்கு உடலில் நோய் எதுவும் தென்படவில்லை. பிலேடீஸ் என்ற நடனக் கலைஞரின் பெயர் பேச்சில் அடிபட்டபோது அவர் நாடி தடுமாறியதைக் கேலன் கவனித்தார். அடுத்தடுத்த நாட்களில் வேறு கலைஞர்களின் பெயரைச் சொல்லச் செய்து பார்த்தார், நாடி அசையவில்லை. நோய் காதல்தான் என்று முடிவு கட்டினார். தம் கூர்மையைப் பறைசாற்ற எழுதிய நூலில் கணவர் பெயர், நடனக்காரர் பெயர் இரண்டையும் போட்டார். அந்த வீட்டில் அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்ற கவலை நூலில் இல்லை.

அச்சுக்கலை வந்தபின் வாசகர் கூட்டம் பெருகியது, வழக்கம் மாறவில்லை. ஷேக்ஸ்பியரின் மருமகன் ஜான் ஹால் ஸ்ட்ராட்ஃபோர்டில் மருத்துவம் பார்த்தவர். நோயாளிகளைப் பற்றி லத்தீனில் குறிப்பு வைத்திருந்தார். 1635-இல் அவர் இறந்தபின் அந்தக் கையெழுத்துப் படியை வாங்கிய ஜேம்ஸ் குக் என்னும் அறுவை மருத்துவர், அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1657-இல் நூலாக்கினார். சீமாட்டிகளும் பாதிரியார்களும் பெயர், ஊர், வயது சகிதம் அதில் வருகிறார்கள். ஹாலின் மனைவி சூசன்னாவின் வயிற்றுவலியும், மகள் எலிசபெத்தின் வாய் கோணிப்போன நோயும்கூட அதில் உண்டு. நூல் கடைக்கு வந்தபோது எலிசபெத் உயிரோடுதான் இருந்தார். உயர்குடியினர் பெயரை நூலில் போடுவது மருத்துவருக்கு விளம்பரம். குக் அதைத் தலைப்புப் பக்கத்திலேயே பயன்படுத்திக்கொண்டார்.

பெயர் யாருக்கு, மறைவு யாருக்கு என்பதை இந்தியாவோடு தொடர்புள்ள ஓர் அறிக்கை பளிச்சென்று காட்டுகிறது. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸீன்' இதழ், புனேக்கு அருகே நடந்த மூக்குச் சீரமைப்பு அறுவையைப் பற்றி ஒரு கடிதத்தை வெளியிட்டது. நோயாளி கோவாஸ்ஜி, 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்பு சுல்தான் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தபின், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை மடித்திறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். இதழில் கோவாஸ்ஜியின் பெயர், குலம், தொழில் எல்லாம் வந்தன. முகமும் செதுக்கோவியமாக வந்தது. கடிதம் எழுதியவர் 'பி. எல்.' என்ற இரண்டு எழுத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார். கத்தி பிடித்தவருக்குப் பெயரே இல்லை. லண்டனில் ஜோசப் கார்ப்யூ இந்த முறையைக் கையாண்டு 1816-இல் நூல் எழுதினார்; நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைப்பது ஐரோப்பாவில் 'இந்திய முறை' ஆயிற்று. கோவாஸ்ஜியின் முகம் இன்றும் பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்று நூல்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. படம் வரையவும் அச்சிடவும் அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதற்குக் கடிதத்தில் தடயமில்லை. அப்படிக் கேட்பதே அந்தக் காலத்துக்குத் தோன்றாத எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய தரும மருத்துவமனைகளே அறிக்கைகளின் விளைநிலம் ஆயின. காசு கொடுத்து வீட்டில் சிகிச்சை பெறும் கனவான் அச்சில் முதலெழுத்தாகச் சுருங்குவதும், வார்டில் படுத்திருக்கும் ஏழை முழுப் பெயரோடு வருவதும் சாதாரணம். தாமஸ் வேக்லி 1823-இல் தொடங்கிய 'லான்செட்' இதழ் லண்டன் மருத்துவமனைகளின் உள்விவகாரங்களைத் துணிந்து வெளியிட்டது. 1828-இல் கைஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் பொலார்ட் என்பவருக்கு மூத்திரப்பைக் கல்லை எடுக்க பிரான்ஸ்பி கூப்பர் அறுவை செய்தார். சில நிமிடங்களில் முடியவேண்டியது ஏறத்தாழ ஒரு மணி நேரம் இழுத்தது. மயக்கமருந்து இல்லாத காலம் அது. நோயாளி மறுநாள் இறந்தார். கட்டிவைக்கப்பட்ட நிலையில் அவர் கெஞ்சியது முதற்கொண்டு லான்செட் எழுதியது. கூப்பர் அவதூறு வழக்குப் போட்டு 2,000 பவுன் கேட்டார், 100 பவுன் கிடைத்தது. வழக்கு முழுவதும் பேசப்பட்டது மருத்துவரின் மானம். அதே சமயம் லான்செட் பெயரை மறைத்து எழுதியிருந்தால் அந்த அறுவைக்குக் கேள்வி கேட்பாரே இருந்திருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அந்தரங்கம் என்ற போர்வை சில நேரம் மருத்துவரையே காக்கிறது.

ஒளிப்படம் வந்ததும் சிக்கல் பெயரிலிருந்து முகத்துக்கு நகர்ந்தது. 1850-களில் இங்கிலாந்தின் சர்ரே மனநலக் காப்பகத்தில் ஹியூ டயமண்ட் தம் பெண் நோயாளிகளைப் படமெடுத்தார். பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோவின் மேற்பார்வையில் 1876 முதல் 1880 வரை மூன்று படத்தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் 'அகஸ்டின்' என்று வரும் இளம்பெண்ணின் முழுப் பெயரை மறைத்தார்கள். படுக்கையில் வலிப்புற்றுக் கிடக்கும் முகத்தை அப்படியே விட்டார்கள். 1880-இல் அவர் ஆண் உடையில் மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடினார், படங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் பாடநூல்களும் இதழ்களும் இதற்குக் கண்டுபிடித்த மருந்து கண்ணின்மேல் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டை தெரிந்தவர் கண்ணிலிருந்து யாரையும் மறைக்காது. குற்றவாளியின் களையை வேண்டுமானால் கூட்டும்.

வெளியிடுவதன் தர்மசங்கடத்தை முதன்முதலில் விரிவாக எழுதிப் பார்த்தவர்களில் ஃபிராய்டு முக்கியமானவர். 1900-இல் தம்மிடம் வந்த இளம்பெண்ணின் கதையை 'டோரா' என்ற புனைபெயரில் 1901 ஜனவரியில் எழுதி முடித்தார். 1905 வரை அது அச்சேறவில்லை. முன்னுரையில் தம் தரப்பை அடுக்குகிறார். அச்சேறும் என்று தெரிந்திருந்தால் நோயாளிகள் வாய் திறந்திருக்கமாட்டார்கள், அனுமதி கேட்டால் கிடைக்கப்போவதில்லை, ஆனாலும் மற்ற நோயாளிகளுக்கான கடமை ஒன்று இருக்கிறது. ஆகவே பெயரை மாற்றினார், சில ஆண்டுகள் காத்திருந்தார், பொதுமக்கள் கைக்கு வராத துறை இதழைத் தேர்ந்தார். வியன்னாவின் மருத்துவர்கள் சிலர் இதைக் கிசுகிசு நாவலாகப் படித்து ஆளைத் தேடுவார்கள் என்றும் எரிச்சலோடு குறிப்பிட்டார். வாதம் நேர்மையானது, முடிவு பழையதுதான்: கேட்டால் மறுப்பார், ஆகவே கேட்கவில்லை. 1922-இல் அந்தப் பெண்ணே இன்னொரு மருத்துவரிடம் தாம்தான் டோரா என்று சொன்னார். அவர் இறந்தபின் அந்த மருத்துவர் 1957-இல் அதையும் கட்டுரையாக்கினார். 1895-இல் வெளிவந்த 'அன்னா ஓ.' என்ற மற்றொரு நோயாளியின் கதையில் மறைந்திருந்தவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்பதை 1953-இல் ஃபிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் வெளிப்படுத்தினார். ஜெர்மனியில் யூதப் பெண்கள் அமைப்பைக் கட்டியெழுப்பியவராக அறியப்பட்ட பெண்மணி, காலமாகி 17 ஆண்டுகள் கழித்து மீண்டும் நோயாளி ஆனார்.

1947-இன் நியூரம்பெர்க் நெறியும் 1964-இன் ஹெல்சிங்கி அறிவிப்பும் மனிதர்மேல் நடத்தும் ஆய்வுக்கு ஒப்புதலைக் கட்டாயமாக்கின. நடந்து முடிந்த சிகிச்சையைப் பற்றி எழுதுவது ஆய்வாகக் கருதப்படாததால் இந்த வலையில் சிக்கவில்லை. அந்த இடைவெளியை 1977-இல் நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தொட்டது. மனநல மருத்துவர் ஒருவர் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்து, நோயாளியும் அவர் கணவரும் அறையில் பேசியவற்றை ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் நூலாக வெளியிட்டிருந்தார். விற்றவை 220 படிகள்தான். சிகிச்சையின்போது வாய்மொழியாக ஒப்புதல் பெற்றதாக மருத்துவர் வாதிட்டார். நீதிமன்றம் அதை மதிப்பற்றதென்று தள்ளி, விற்பனைக்குத் தடை போட்டு 20,000 டாலர் இழப்பீடு விதித்தது. அறிவியல் பயன் என்ற வாதமும் எடுபடவில்லை.

இதழ்கள் மாறியது இதன் பிறகு. 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு, பின்னாளில் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்து, நோயாளியின் அடையாளம் காப்பது பற்றி 1991-இல் அறிக்கை வெளியிட்டது. 1995-இல் அதைக் கடுமையாக்கியது. அடையாளம் காட்டும் விவரம் அறிவியலுக்கு இன்றியமையாததாக இருந்து, நோயாளி எழுத்தில் ஒப்பினால் மட்டுமே வரலாம், கண்பட்டை போதாது, மறைப்பதற்காக விவரங்களைத் திரிக்கவும் கூடாது. கடைசி விதி உளப்பகுப்பாய்வாளர்களின் நெடுநாள் வழக்கத்தில் கைவைத்தது. தொழிலையும் ஊரையும் குடும்பத்தையும் மாற்றி எழுதுவதே அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. ஆனால் தச்சரை ஆசிரியராக மாற்றியபின் அவருடைய நுரையீரல் நோய்க்குக் காரணம் தேடும் வாசகர் எங்கே போவார்? எதிர்ப்பும் இருந்தது. எழுத்தொப்புதலைக் கட்டாயமாக்கினால் நோயாளியைக் கண்டுபிடிக்க முடியாத நேர்வுகளும், கேட்பதே நோயாளிக்குத் தீங்காகும் மனநோய் நேர்வுகளும் அச்சேறாமல் போகும் என்றார்கள். சில அறிக்கைகள் அப்படிப் போகத்தான் செய்யும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் விதி வந்தது.

இந்தியாவில் மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் 7.17-ஆம் பிரிவு இதற்கென்றே உள்ளது. அடையாளம் தெரியும்படியான படத்தையோ அறிக்கையையோ நோயாளியின் அனுமதியின்றி வெளியிடக்கூடாது. அடையாளம் தெரியாதெனில் ஒப்புதல் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பிரிவின் பின்பாதி பழைய உறுதிமொழியின் ஓட்டையை அப்படியே வைத்திருக்கிறது: தெரியுமா தெரியாதா என்று தீர்மானிப்பவர் எழுதும் மருத்துவர்தானே. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மருத்துவர் பெயரும் மருத்துவமனையும் ஊரும் அச்சாகின்றன. அபூர்வ நோய், நோயாளியின் வயது, தொழில் ஆகியவையும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரருக்கு வேறு குறிப்பு வேண்டாம். இதழ்கள் சட்டத்தைவிட ஒரு படி மேலே போய் எல்லா நோயாளி அறிக்கைக்கும் ஒப்புதல் கேட்பதற்கு இதுவும் காரணம். அறுவைக்கு முன் வாங்கும் கையெழுத்து இதற்குச் செல்லாது, வெளியீட்டுக்குத் தனிப் படிவம் வேண்டும்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை கணினிக் காலத்தில் உடைந்தது. 1990-களின் பின்பாதியில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவமனைத் தரவு பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டது. மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநரின் மருத்துவப் பதிவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அமெரிக்கத் தனியுரிமை விதிகள் நீக்கவேண்டிய அடையாளங்களாக 18 வகைகளைப் பட்டியலிடுகின்றன; 89-க்கு மேற்பட்ட வயதும் அதில் சேர்த்தி, அவ்வளவு முதியவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால்.

2013-இல் ஒப்புதலின் எல்லை இறந்தவரைத் தாண்டியும் நீண்டது. ஹென்ரியெட்டா லாக்ஸ் 1951-இல் புற்றுநோயால் இறந்தவர். அவரிடமிருந்து கேட்காமல் எடுத்த செல்கள் உலக ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. அவற்றின் மரபணுத் தொகுதியை ஜெர்மனியிலுள்ள ஆய்வாளர்கள் இணையத்தில் வெளியிட்டபோது, பேரப்பிள்ளைகளின் உடற்கூறும் அதில் ஓரளவு படிக்கக் கிடைத்தது. குடும்பம் எதிர்த்தபின் தரவு விலக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் செய்த ஏற்பாட்டின்படி, தரவைக் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் குடும்பத்தினர் இருவர் இடம்பெற்றனர்.

அந்த ஆண்டில்தான் நோயாளி அறிக்கை எழுதுவதற்கான 'கேர்' வழிகாட்டியும் வந்தது. அதன் 13 இனங்களில் கடைசி இனம் ஒப்புதல். அதற்கு முந்தையது, நோயாளி தம் அனுபவத்தைத் தாமே சொல்வதற்கான இடம். இதழ்கள் தரும் ஒப்புதல் படிவங்களும் மாறியிருக்கின்றன. பெயர் வராவிட்டாலும் முழு மறைவுக்கு உறுதி தரமுடியாது என்றும், கட்டுரையை இணையத்தில் யாரும் படிக்கலாம் என்றும் அவை முன்கூட்டியே சொல்கின்றன. மனம் மாறினால் வெளியீட்டுக்கு முன் எந்த நேரமும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், வெளிவந்தபின் முடியாது. நோயாளி இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடமும், சிறுவராயின் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்திட்ட படிவம் இதழுக்குப் போனால் அங்கே நோயாளியின் பெயர் தெரிந்துவிடும் என்பதால், அதை மருத்துவரே பத்திரப்படுத்தி, பெற்றுவிட்டதாக எழுதிக்கொடுத்தால் போதும் என்று பல இதழ்கள் வைத்திருக்கின்றன.