முதுகெலும்புத் தொற்றுகளில் நுண்துளை அறுவை மருத்துவம்

முள்ளெலும்புகளையோ அவற்றுக்கு இடையே டிஸ்க் எனப்படும் இடைவட்டுகளையோ பற்றிய தொற்றை, முதுகுத் தசைகளை நெடுகப் பிரிக்காமல் சிறு துளைகளின் வழியே அணுகி, சீழை வடித்து, அழுகிய திசுவை அகற்றி, தளர்ந்த எலும்புகளைத் திருகுகளால் நிலைநிறுத்தும் முறை நுண்துளை அறுவை எனப்படும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் குருதி வழியே பரவி உண்டாக்கும் சீழ்த்தொற்றும், 1779இல் ஆங்கிலேய மருத்துவர் பெர்சிவல் பாட் விவரித்ததால் பாட் நோய் எனவும் வழங்கும் முதுகெலும்புக் காசநோயும் இத்தொற்றுகளுள் முதன்மையானவை.

1950களில் ஹாங்காங்கில் அறுவை மருத்துவர்கள் ஹாட்ஜ்சன், ஸ்டாக் ஆகியோர் மார்பைத் திறந்து முதுகெலும்பை முன்புறமாக அணுகி, நோயுற்ற எலும்பை முழுதும் நீக்கி, வேறிடத்து எலும்பை அங்கே பதித்த முறை பெரும்புகழ் பெற்றது. ஆயினும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நாடுகளில் நடத்திய ஒப்பாய்வுகளும் சென்னையில் நடந்த ஆய்வும், படுக்கையில் கிடத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தே காசநோயாளிகளுள் பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம் என்று காட்டின. ஆகவே நுண்துளை அறுவையை மருந்துக்கு மாற்றாகக் கருதுவது பிழை. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று அறிவதற்கு அது தரும் உதவியே பல நோயாளிகளிடம் அதன் முதற்பயன்.

சி.டி. படத்தின் துணையோடு ஊசியால் எடுக்கும் மாதிரியில் கிருமி அகப்படாமல் போவதுண்டு. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பு மேலும் குறையும் என்பதால், நரம்புப் பாதிப்போ குருதி நச்சேற்றமோ இல்லாத நோயாளிக்கு மாதிரி எடுக்கும்வரை மருந்தை நிறுத்திவைப்பது வழக்கம். இடுப்புப் பகுதியில், வெளியேறும் நரம்புவேருக்குக் கீழே பக்கவாட்டில் அமைந்த முக்கோண இடைவெளி வழியாகச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழலையும் எண்டோஸ்கோப்பையும் செலுத்தினால், ஊசியில் கிடைப்பதைவிடக் கூடுதலான திசுவைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். அதே துளையில் உப்புநீரால் கழுவி, வடிகுழாயையும் வைத்துவிடலாம். காசநோய்ச் சீழ் இடுப்பின் சோவாஸ் தசையில் தேங்கும்போது, அறுவையின்றிக் குழாய் மட்டும் இட்டு வடிப்பதே பெரும்பாலும் போதும்.

மார்புப் பகுதியில் வீடியோ உதவியுடன் விலாக்களுக்கிடையே நுழைவதற்கு ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கிவைக்க வேண்டும். பழைய நோயால் நுரையீரல் உறை மார்புச் சுவரோடு ஒட்டியிருந்தால் இவ்வழி அடைபடும். தண்டுவடம் அழுந்திக் கால்கள் விரைந்து செயலிழக்கும்போதும், பல எலும்புகள் நொறுங்கிக் கூன் முற்றியபோதும், திறந்த அறுவையே இன்றும் தேவைப்படுகிறது.