தலையில்லாச் சிலை

சிதைந்த சிலையொன்றைக் காணுமிடத்து, காலமோ பகைவரோ அதனைச் சிதைத்தனர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், நிறுத்தப்பட்ட நாளிலேயே தலையின்றி நின்ற சிலையொன்று இங்கிலாந்திலே இருந்தது. அதன் வரலாற்றை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பக்கிங்காம்சயர்ப் பகுதியில் உள்ளது ஸ்ரோ என்னும் பூங்கா. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்கு உரியவராயிருந்தவர் கொபாம் பிரபு. இவரும், 1721 முதல் 1742 வரை ஆட்சியை நடத்திய சேர் றொபேட் வால்போலும் ஒரே விக் கட்சியினரே. எனினும் 1733இல், மதுவின் மீதும் புகையிலையின் மீதும் வால்போல் கொண்டுவர முயன்ற வரித் திட்டத்தைக் கொபாம் எதிர்த்தார். அதன் பயனாகத் தம் படைப்பிரிவின் தலைமைப் பதவியை இழந்தார். பாராளுமன்றத்திலே மூண்ட அப்பகை, பூங்காவிலே கல்லுருவம் பெற்றது.

வில்லியம் கென்ற் என்னும் கலைஞர், அங்கே சிறியதொரு பள்ளத்தாக்கை வகுத்தார். வீரரின் ஆன்மாக்கள் வாழும் இடமெனக் கிரேக்கர் கூறிய எலீசியத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. மேட்டின் மீது வட்டவடிவான ‘முன்னோர் அறக்கோயில்’ எழுந்தது. அதனுள்ளே ஹோமர், சோக்கிரதீசு, லைக்கேர்கசு, எப்பமினொண்டாசு ஆகிய நால்வரின் முழுவுருவச் சிலைகள் நின்றன. எதிர்க்கரையிலே பதினாறு ஆங்கிலப் பெரியோரின் மார்பளவுச் சிலைகள் அமைந்தன. ஷேக்ஸ்பியரும் நியூற்றனும் இருந்த அவ்வரிசையிலே, வால்போலின் வரித் திட்டத்தை எதிர்த்த சேர் ஜோன் பார்னாட்டுக்கும் இடம் கிடைத்தது.

முன்னோர் அறக்கோயிலின் அருகே ‘இக்கால அறக்கோயில்’ என்ற பெயரில் இடிபாடொன்று வேண்டுமென்றே கட்டப்பட்டது. அங்கேதான் தலையில்லாச் சிலை நின்றது. அது வால்போலையே குறித்ததென்று கொள்ளப்பட்டது. பழையோரின் அறம் முழுமையாக நிற்கின்றது. இக்கால ஆட்சியாளரின் அறமோ தலையிழந்து கிடக்கின்றது என்பதே அதன் பொருள்.

இன்று அச்சிலை அங்கே இல்லை. கொபாமின் குடும்பச் செல்வமும் நிலைக்கவில்லை. அவருடைய சகோதரியின் வழித்தோன்றலான பக்கிங்காம் கோமகன் கடனில் மூழ்கியமையால், 1848இல் மாளிகைப் பொருள்கள் நாற்பது நாள் ஏலம் விடப்பட்டன. நால்வரின் சிலைகளும் 1920களின் தொடக்கத்தில் விற்கப்பட்டன. இப்போது அவற்றின் இடத்தில் படிகள் நிற்கின்றன.

புகழ்ச்சி மீண்டும் நிறுவப்பட்டது, இகழ்ச்சி மறைந்துவிட்டது. இதனால் பூங்கா அமைதி பெற்றதெனலாம். ஆனால் அதன் வாதத்திற் பாதி போய்விட்டது. இடிபாட்டின் கதையை அறியாதவர்க்கு, மேட்டிலுள்ள கோயில் வெறும் அழகுக் கட்டடமே. பக்கத்திலே பழிப்பு நின்றபோதுதான் அந்தப் புகழ்ச்சிக்குக் கூர்மை இருந்தது.

மற்றொன்றும் நாம் கருதவேண்டும். கொபாம் தலையைக் கொய்த வால்போலை, பிரித்தானியாவின் முதற் பிரதம மந்திரி என வரலாறு போற்றுகின்றது. அவரது ஆட்சியில் ஊழல் இருந்ததென்பதையும் அது மறைக்கவில்லை. சிலை கூறுவது ஒரு தரப்பின் வழக்கு, தீர்ப்பன்று. ஆகவே எந்தச் சிலையின் முன் நின்றாலும், இது யாருடையது என்பதோடு, இதனை நிறுத்தியவர் யார், அவர் யார்மீது பகை கொண்டிருந்தார் என்றும் வினவுவோமாக.