அயோவாவில் ஓர் அமீரின் திருப்பெயர்

அமெரிக்காவின் மத்திய மேற்கில், அயோவா மாநிலத்து டர்க்கி ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த சிறுநகரம் எல்கேடர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1,200 பேர் அளவினரே. ஆயினும் அதன் பெயர் நம்மை நின்று நோக்கச் செய்கிறது.

1846இல் திமோத்தி டேவிஸ் என்னும் வழக்கறிஞரும் அவர்தம் தோழர் இருவரும் இந்நகரை நிறுவினர். அப்போது அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரியின் பெயரையே ஊருக்குச் சூட்டினர். காதிரிய்யா தரீக்காவின் ஷைகு ஒருவரின் மைந்தரான அமீரை அவர்கள் கண்டதில்லை. அவரது வீரத்தைச் செவியுற்றதோடு சரி. ‘அப்து’ விடுபட, ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்பது அல்லாஹ்வின் திருநாமம்!

1847இல் அமீர் சரணடைந்தார். பிரான்சில் சிறையிருந்து 1852இல் விடுதலை பெற்றார். 1860இல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் தந்து உயிர் காத்தார். பாராட்டி எழுதிய அல்ஜியர்ஸ் ஆயருக்கு, ஷரீஅத்தும் மனித உரிமையும் விதித்த கடமையையே தாம் செய்ததாக மறுமொழி விடுத்தார். பெயர் சூட்டியோரின் மதிப்பீடு பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு மெய்ப்பட்டது.

1984இல் எல்கேடரும் அமீரின் மண்ணான முஅஸ்கரும் சகோதர நகரங்களாயின. 2008 வெள்ளத்தில் எல்கேடர் துயருற்றபோது அல்ஜீரிய அரசு 1,50,000 டாலர் உதவியது.

படை தோற்றது, பண்பு தோற்கவில்லை. அந்நியர் நாவில் நம் பெயர் நிலைப்பது வாதத்தாலன்று, அஃக்லாக்காலேயே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.